ஆரணிப் பட்டும் ஒரு கேபிளும்... கருவி சொல்லும் எண்ணை எப்படிப் படிப்பது?

முகூர்த்த மாதம் நெருங்கினால் ஆரணி கடைவீதியில் வெளியூர் கார்கள் வரிசையாக நிற்கும். கடைக்காரர் சேலையை விரித்துப் போடுவார். பெண்ணும் அம்மாவும் கலர் பார்ப்பார்கள். கூட வந்த பாட்டி மட்டும் முந்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜரிகையின் ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால், "அசல்தான்டி, எடுத்துக்கோ" என்று தலையாட்டுவார்.

பாட்டியின் சோதனையில் பாதி உண்மை இருக்கிறது. அசல் ஜரிகையின் நடுவில் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் இருக்கும். அதன் மேல்தான் உலோக இழை சுற்றியிருக்கும். ஆனால், நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது யாருக்கும் கஷ்டமான வேலையில்லை. மேலே சுற்றியிருப்பதில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் இருக்கிறதா இல்லையா என்பதை நகம் சொல்லாது.

அதைச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியோடு ஒரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். இந்த வாரம் அந்தக் கேபிளின் கதை.

ஒரு மார்க்கில் எத்தனை கிராம்?

ஜரிகை வியாபாரத்தில் 'மார்க்' என்பதுதான் கணக்கு. ஒரு மார்க் என்றால் 242 கிராம். காஞ்சிபுரம் பட்டுக்கான ஜரிகையில் நெடுநாளாகப் பேசப்படும் கலவை இது: 100 கிராமில் வெள்ளி 40 கிராம், செம்பு 35.5 கிராம், தங்கம் அரை கிராம், மீதி 24 கிராம் பட்டு நூல்.

இந்தக் கணக்குப்படி ஒரு மார்க்கில் 96.8 கிராம் வெள்ளி இருக்க வேண்டும். யாரோ ஒருவர் 40-ஐ 35 ஆக்கிவிட்டால், ஒவ்வொரு மார்க்கிலும் 12.1 கிராம் வெள்ளி காணாமல் போகும். சேலை அதே எடை, அதே பளபளப்பு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதில் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கமுள்ள நெசவாளர்கள் பலர் பட்டையும் ஜரிகையையும் சொசைட்டியிடமோ முதலாளியிடமோ எடை போட்டு வாங்குகிறார்கள். நெய்த சேலையையும் எடை போட்டுத்தான் திருப்பித் தருகிறார்கள். நாளைக்கு அந்தச் சேலையின் ஜரிகை மட்டம் என்று பேச்சு வந்தால், தறியில் உட்கார்ந்தவர் மீதும் சந்தேகம் விழும். அவர் கைக்கு வரும்போதே ஜரிகை அப்படித்தான் இருந்தது என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்?

கேரட் மீட்டரின் சொந்தக்காரன்

நகைக்கடையில் பழைய வளையலை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, சில விநாடிகளில் "22 கேரட் இல்லம்மா, 20தான் வருது" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'கேரட் மீட்டர்' வேலை செய்யும் முறைக்குப் பெயர் எக்ஸ்-ரே ஃப்ளோரசன்ஸ். சுருக்கமாக எக்ஸ்.ஆர்.எஃப். ஜரிகையைச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

பெட்டிக்குள் ஒரு சின்ன எக்ஸ்-ரே குழாய் இருக்கும். அதிலிருந்து வரும் கதிர் ஜரிகை மீது விழும்போது, உலோக அணுக்கள் தங்கள் பங்குக்கு ஓர் எக்ஸ்-ரேயைத் திருப்பி வெளியிடும். ஒவ்வோர் உலோகத்துக்கும் அதன் ஆற்றல் வேறு வேறு. செம்பு சுமார் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பதில் தரும். தங்கம் 9.7-ல். வெள்ளி 22-ல். ஒருவரது குரலைக் கேட்டே ஆள் யாரென்று கண்டுபிடிப்பது மாதிரிதான்.

எந்தக் குரல் என்பதை வைத்து எந்த உலோகம் என்று தெரியும். எத்தனை முறை கேட்டது என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். இந்த எண்ணிக்கைதான் சோதனையின் உயிர்நாடி. எண்ணுவதற்குத்தான் கம்ப்யூட்டர் வருகிறது.

கம்ப்யூட்டர் எதற்கு?

முதல் காரணம், பாதுகாப்பு. எக்ஸ்-ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. சோதனை செய்பவர் கதிர் ஓடும்போது பெட்டிக்குள் கை விடத் தேவையில்லாதபடி, மூடிய பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து மவுஸைக் கிளிக் செய்து வேலை பார்க்கலாம். மூடியைத் திறந்தால் கதிர் தானாக நின்றுவிட வேண்டும். அந்தப் பூட்டு கருவிக்குள்ளேயே, கம்பி இணைப்பாகவே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலும் அது வேலை செய்ய வேண்டும் அல்லவா?

இரண்டாவது காரணம், பொறுமை. ஜரிகையில் தங்கம் அரை சதவீதம்தான். அதன் குரல் சன்னமானது. 100 முறை கேட்டால் கணக்கில் ஏறக்குறைய 10 முன்னே பின்னே ஆகும். அதாவது பத்து சதவீதத் தடுமாற்றம். 10,000 முறை கேட்டால் 100 முன்னே பின்னே, அதாவது ஒரு சதவீதம்தான். தடுமாற்றத்தைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே ரீலில் பத்து இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் என்று மனிதர் செய்தால் நாலாவது இடத்திலேயே அலுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு அலுப்பில்லை.

மூன்றாவது காரணம், நினைவு. கருவியின் திரையில் தெரியும் எண்ணை ஒருவர் பார்த்து, நோட்டில் எழுதி, இன்னொருவர் அதை டைப் செய்து ரிப்போர்ட் போட்டால், 38.6 என்பது 36.8 ஆக மாறுவதற்கு ஒரு கொட்டாவி போதும். கேபிள் வழியாகப் போகும் எண் அப்படி இடம் மாறுவதில்லை. தேதி, நேரம், கருவியின் எண் எல்லாம் கூடவே பதிவாகும்.

"நீ யாருப்பா?"

கம்ப்யூட்டரும் கருவியும் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன? சோதனைக்கூடக் கருவிகள் பலவற்றுக்கு ஒரு பொதுவான முதல் கேள்வி உண்டு: *ஐடிஎன்?

ஒரு நட்சத்திரக் குறி, மூன்று ஆங்கில எழுத்து, ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். "நீ யார்?" என்று அர்த்தம். கருவி நான்கு விவரங்களைத் திருப்பி அனுப்பும். தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், உள்ளே ஓடும் மென்பொருளின் பதிப்பு. புதிதாக ஒரு கருவியை இணைப்பவர்கள் அந்த ஒரு வரி பதில் திரையில் வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த மொழி ஒரே நாளில் வந்ததில்லை. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம், தன் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரு கேபிள் முறையை உருவாக்கியது. கட்டைவிரல் தடிமனில் கேபிள். ஒன்றின் முதுகில் ஒன்றாக ஏறி உட்காரும் பிளக்குகள். 1975-ல் அது ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத் தரமானது. ஒரே இணைப்பில் 15 கருவிகள் வரை போடலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் கட்டளைகளைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தது. கருவியை மாற்றினால் புரோகிராமையும் மாற்றி எழுத வேண்டும். 1987-ல் *ஐடிஎன்? போன்ற பொதுக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. 1990-ல் 'ஸ்கிப்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் பொதுக் கட்டளை மொழி வந்தது. இன்று கேபிள் யு.எஸ்.பி. ஆகவும் நெட்வொர்க் வயராகவும் மாறிவிட்டது. கேள்வி மட்டும் அதேதான்.

எக்ஸ்.ஆர்.எஃப். மாதிரியான கருவிகளில் தயாரிப்பாளரே தனி மென்பொருளைக் கொடுத்துவிடுவார். அங்கே இந்தக் கட்டளைகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே நடப்பது இதே கேள்வி-பதில் விளையாட்டுதான்.

ஆரணிக்காரர்களுக்கு இது புதிய யோசனையும் அல்ல. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியையும், அதில் கோத்துத் தொங்கும் ஓட்டை அட்டைகளையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே ஏறும். இல்லாவிட்டால் ஏறாது. பட்டு நெசவுக்குப் பேர்போன பிரான்ஸின் லியோன் நகரில், ஜோசப் மேரி ஜக்கார்டு 1800-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு கருவிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, மனிதர் தள்ளி நிற்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது தறிதான். பின்னால் வந்த கம்ப்யூட்டர்கள் அந்த அட்டையைத்தான் கடன் வாங்கின.

எங்கே சறுக்கும்?

கேபிள் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கருவி இணைப்பவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

பழைய கருவிகளில் இருக்கும் ஒன்பது முள் சீரியல் போர்ட்டில், கருவியும் கம்ப்யூட்டரும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். ஒரு பக்கம் 9,600, மறுபக்கம் 19,200 என்று இருந்தால் திரையில் கிறுக்கல்தான் வரும். கருவி கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்தால் செலவு மிச்சம்.

யு.எஸ்.பி. வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினால், கம்ப்யூட்டர் அதற்கு வேறு போர்ட் எண் கொடுத்துவிடலாம். நேற்றுவரை ஓடிய புரோகிராம் இன்று "கருவி இல்லை" என்று சொல்லும்.

கம்ப்யூட்டர் பிடிக்குள் இருக்கும்போது பல கருவிகளின் முன்பக்கப் பட்டன்கள் வேலை செய்யாது. 'லோக்கல்' என்ற பட்டனை அழுத்தினால்தான் கட்டுப்பாடு கைக்குத் திரும்பும். இது தெரியாமல் கருவியை அணைத்துப் போட்டு, பாதியில் இருந்த சோதனையைத் தொலைத்தவர்கள் உண்டு.

கரன்ட் போகும் ஊரில் கடைசியில் மொத்தமாகச் சேமிப்பது ஆபத்து. ஒவ்வோர் அளவையும் எடுத்தவுடனே கோப்பில் எழுதிவிட வேண்டும்.

நெட்வொர்க் வழியாக இணையும் கருவிகளில் இன்னொரு விஷயம். அவற்றில் பல, பாஸ்வேர்டு கேட்காமலே யார் கட்டளை கொடுத்தாலும் கேட்கும். அதனால் அவற்றைச் சோதனைக்கூடத்தின் உள் நெட்வொர்க்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நேரடியாக இன்டர்நெட்டில் திறந்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல், எந்த கேபிளாலும் திருத்த முடியாதது. பெட்டிக்குள் இருப்பது எந்த ரீல் என்று டைப் செய்வது மனிதர்தான். ஏழாம் நம்பர் ரீலை வைத்துவிட்டு எட்டு என்று அடித்தால், தவறான எண் மிகச் சுத்தமாக, தேதி நேரத்தோடு பதிவாகிவிடும். அதேபோல, கலவை தெரிந்த மாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்க்காமல் விட்டால், பத்து இடத்தில் எடுத்த சராசரியும் ஒரே மாதிரி தப்பாகத்தான் இருக்கும்.

ஒரே ஜரிகை, இரண்டு எண்கள்

இப்போது வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்.

ஒரு ரிப்போர்ட்டில் 'வெள்ளி 52.6 சதவீதம்' என்று வருகிறது. "40 சதவீதம்னுதானே சொன்னாங்க, இங்க அதிகமாவே இருக்கே!" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் அதிகம் எதுவும் இல்லை. அதே ஜரிகைதான்.

காரணம் இது. எக்ஸ்.ஆர்.எஃப். கருவிக்குப் பட்டு நூல் தெரியாது. பட்டில் இருப்பது கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் போன்ற லேசான தனிமங்கள். அவற்றின் குரல் இந்தக் கருவியின் காதில் விழாது. அதனால் மென்பொருள் உலோகங்களை மட்டும் கூட்டி, அதையே 100 என்று வைத்துக்கொள்ளும்.

100 கிராம் ஜரிகையில் பட்டு 24 கிராம் போனால், உலோகம் 76 கிராம். அந்த 76-ல் 40 கிராம் வெள்ளி என்றால் 52.6 சதவீதம். செம்பு 46.7 சதவீதம். தங்கம் 0.66 சதவீதம். கருவி பொய் சொல்லவில்லை. வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால்தான் வலிக்கும். ரிப்போர்ட்டில் 'வெள்ளி 40 சதவீதம்' என்று இருந்து, அது உலோகத்தில் மட்டும் எடுத்த கணக்கு என்றால், மொத்த ஜரிகையில் வெள்ளி 30.4 சதவீதம்தான். ஒரு மார்க்குக்கு 96.8 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 73.6 கிராம். 23 கிராமுக்கு மேல் குறைவு. காகிதத்தில் எண் மட்டும் அச்சு அசலாக 40!

இன்னொன்றும் உண்டு. ஜரிகையில் தங்க முலாம் மேல்பூச்சாக இருக்கிறது. எக்ஸ்-ரே மேல்பரப்பைத்தான் நன்றாகப் பார்க்கும். உள்ளே போகப் போக அதன் பார்வை மங்கும். வெள்ளியும் செம்பும் சீராகக் கலக்காமல் அடுக்கடுக்காக இருந்தால், எண் உண்மையிலிருந்து விலகலாம். அதனால்தான் தகராறு வரும் இடத்தில், மாதிரியை உருக்கியோ கரைத்தோ செய்யும் சோதனைதான் கடைசித் தீர்ப்பு. எக்ஸ்.ஆர்.எஃப்.பின் பெருமை வேறு. சேலையை வெட்டாமல், கிழிக்காமல், சில நிமிடங்களில் ஒரு நல்ல மதிப்பீட்டைத் தந்துவிடும்.

போனிலேயே ஒரு சோதனைக்கூடம்

தறி வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் கற்றுக்கொள்ள லட்சக்கணக்கில் கருவி வேண்டும் என்பதில்லை.

புதுடெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில், பி.பி. அஜித் குமார் முன்னின்று நடத்திய 'பீனிக்ஸ்' திட்டத்தில் உருவானது 'எக்ஸ்ப்ஐஸ்' என்ற சின்னப் பெட்டி. கையில் அடங்கும் அளவு. யு.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு இணையும். அலைவடிவம் பார்க்கலாம், மின்னழுத்தம் கொடுக்கலாம், நேரம் அளக்கலாம். மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது, இலவசம். அதன் வரைபடங்களும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. 'எக்ஸ்ப்ஐஸ்-17' மாடலை ஓ.டி.ஜி. கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு போனிலும் இயக்கலாம். ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைப் போட்டுவிட்டு, அது கடக்கும் கணத்தில் எழும் மின் அலையைத் திரையில் பிடித்துப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த சோதனை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த ஃபாரடே விதி, கண் முன்னால் ஒரு மேடும் ஒரு பள்ளமுமாக எழுந்து நிற்கும்.

மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் குழு இன்னொரு படி போனது. ஒரு ஹீட்டர், ஒரு மின்விசிறி, ஒரு வெப்பமானி ஆகியவற்றை ஒரே பலகையில் வைத்து, அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அப்படிப் பல பலகைகளை வரிசையாக வைத்து இன்டர்நெட்டில் இணைத்துவிட, வேறு ஊரில் இருக்கும் மாணவர் தனக்கான நேரத்தைப் பதிவு செய்துகொண்டு, வீட்டிலிருந்தே உண்மையான ஹீட்டரைச் சூடாக்கி, உண்மையான வெப்பநிலையைப் படிக்க முடிந்தது. திரையில் ஓடும் பொம்மைப் படம் அல்ல அது. மும்பையில் ஒரு மேசை மீது நிஜமாகவே சூடாகும் ஒரு தகடு. கல்லூரியில் நாற்பது பேருக்கு நான்கு கருவி என்று வரிசையில் நின்று, முறை வருவதற்குள் பெல் அடித்துவிடும் மாணவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆரணியில் ஒரு வீட்டில் அப்பா தறியில் உட்கார்ந்திருக்க, மகள் இயற்பியலோ எலக்ட்ரானிக்ஸோ படிக்கிறாள் என்றால், அவள் கற்கும் கேபிள் வேலை நாளை அப்பா வாங்கும் ஜரிகையின் ரிப்போர்ட்டைப் படிக்கவும் உதவும். எந்தச் சதவீதம் எதில் எடுத்த சதவீதம் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது சாதாரண விஷயமல்ல.

ரிப்போர்ட் கையில் வந்தால் கேளுங்கள்

* இந்தச் சதவீதம் பட்டு நூலையும் சேர்த்த மொத்த எடையிலா, உலோகத்தில் மட்டுமா?

* ரீலிலோ சேலையிலோ எத்தனை இடத்தில் சோதித்தீர்கள்? ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம்?

* கலவை தெரிந்த மாதிரியை வைத்துக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

* எண் கருவியிலிருந்து நேராக வந்ததா, யாராவது டைப் செய்ததா? தேதி, நேரம், மாதிரி எண் இருக்கிறதா?

நெசவாளர்களுக்கு ஒரு கேள்வி கூடுதல். ஜரிகையைச் சேலை ஆன பிறகு சோதிப்பதைவிட, மார்க்காகக் கைக்கு வரும்போதே சோதித்து, அந்த ரிப்போர்ட்டின் ஒரு நகலை நெசவாளருக்கும் கொடுக்க முடியுமா? அப்படிக் கொடுத்தால், நெய்து முடித்த பிறகு வரும் பழி தறி வரைக்கும் வராது.

பாட்டியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அவர் பாட்டுக்குச் சுரண்டிப் பார்க்கட்டும். சிவப்பு தெரியாவிட்டால் ஏன் என்று அங்கேயே கேட்டுவிடலாம். தெரிந்தால், பேத்தி அடுத்த கேள்வியைக் கேட்கட்டும்: "அண்ணா, ரிப்போர்ட் இருக்கா? இந்த 40, எதுல 40?"